கொலைகாரனும் வேடிக்கை பார்ப்போரும்

2022-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 21-ந் தேதி, நெட்பிளிக்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி 10 பாகங்கள் அடங்கிய ஒரு டெலிவிஷன் நாடகத்தை உலகெங்கும் ஏககாலத்தில் வெளியிட்டது. 1978 முதல் 1991 வரை 17 பேரைக் கொன்று தீர்த்த ஜெப்ரி டாமர் என்பவனுடைய சரித்திரமே அந்த நாடகம். அது வெளிவந்த 60 நாட்களுக்குள் ஜனங்கள் அதைப் பார்ப்பதில் செலவிட்ட நேரம் 100 கோடி மணிக்கு மேல் என்று கம்பெனியே பெருமையுடன் கணக்குக் கொடுத்தது. 100 கோடி மணி என்றால் சுமார் 1 லட்சத்து 14 ஆயிரம் வருஷங்கள்! மனித குலம் தன் ஆயுளில் இத்தனை காலத்தை ஒரு கொலைகாரனுக்கு மனமுவந்து அளித்திருக்கிறது. அளித்து, அதற்கு ஈடாகப் பெற்றது என்ன? நாடகத்தைப் பற்றிய சச்சரவுகளின் நடுவே இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் வெகு சிலரே. ஆகையால் நாம் கேட்கிறோம்.

டாமர் விஸ்கான்ஸின் மாகாணத்து மில்வாக்கி நகரில் வசித்தவன். அவன் கையில் மாண்டவர்கள் அனைவரும் ஆண்கள். அவர்களுள் சிறுவர்களும் உண்டு. பெரும்பாலோர் கறுப்பு இனத்தவர், ஏழைகள். 1991-ம் வருஷம் ஜூலை 22-ந் தேதி அவன் பிடிபட்டான். 1992 பிப்ரவரியில் மில்வாக்கிக் கோர்ட்டு அவனுக்கு 15 ஆயுள் தண்டனைகளை ஒன்றன்பின் ஒன்றாக விதித்தது. 1994 நவம்பர் 28-ந் தேதி சிறையில் மற்றொரு கைதி அவனை அடித்துக் கொன்றான். அவன் இழைத்த கொடுமைகளை இங்கே வர்ணிப்பது நமது நோக்கமன்று. அவற்றை வர்ணிக்க ஆட்கள் வேண்டிய மட்டும் இருக்கிறார்கள். அவன் கதையைக் கண்டு உலகம் எவ்வாறு நடந்துகொண்டது என்பதே இன்று நாம் கவனிக்க வேண்டிய விஷயம்.

நாடகத்தைப் பார்த்தவர்களில் அருவருப்புற்று நடுவிலே நிறுத்திவிட்டவர்கள் உண்டு. கண்ணீர் விட்டவர்களும் உண்டு. அவர்களை நாம் குறை கூறவில்லை. ஆனால் வேறு பல காட்சிகளும் அரங்கேறின. கொலைகாரனாக வேஷந் தரித்த எவன் பீட்டர்ஸ் என்ற நடிகரின் தோற்றத்திலே மயங்கி, அந்தக் காட்சிகளுக்குப் பாட்டுச் சேர்த்து டிக்டாக்கில் பரப்பியவர்கள் பலர். அவனுடைய இளமைத் தனிமையை நினைத்து இரங்கி எழுதியவர்கள் பலர். போலீஸார் அவன் வீட்டில் கைப்பற்றிய கோரமான படங்களை இணையத்தில் தேடி எடுத்து, அவற்றைப் பார்க்கும்போது தங்கள் முகம் போன போக்கையும் படம் பிடித்து வெளியிட்டவர்கள் உண்டு. அக்டோபர் மாதத்து ஹாலோவீன் திருநாளுக்கு அவனைப் போல் வேஷம் போட விரும்பியவர்களுக்காக உடைகள் விலைக்கு வந்தன. ஈபே என்ற விற்பனைக் கம்பெனி அவற்றைத் தன் கடையில் விற்கக் கூடாதென்று தடுக்க வேண்டியதாயிற்று. சிறையிலே அவன் அணிந்திருந்த மூக்குக்கண்ணாடி என்று சொல்லி ஒரு வியாபாரி 1 லட்சத்து 50 ஆயிரம் டாலர் விலை கூறினான்.

இந்தக் கோலாகலத்தின் நடுவே ஒரு ஸ்திரீயின் குரல் கேட்டது. அவளுடைய தம்பி டாமரால் கொல்லப்பட்டவன். 1992-ல், தண்டனை விதிக்கும் தினத்தன்று கோர்ட்டிலே கொலைகாரனை நேருக்கு நேர் நோக்கி அவள் குமுறி அழுதாள். அந்தக் குமுறலை, அன்று அவள் உடுத்திய உடை முதல் உதிர்த்த சொல் வரையில், நடிகை ஒருத்தியைக் கொண்டு நாடகத்தில் அப்படியே நடித்துக் காட்டிவிட்டார்கள். தன்னை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று அவள் சொன்னாள். இறந்தவர்களுடைய பிள்ளைகளுக்கு வருமானத்தில் ஒரு பங்கு கொடுத்திருந்தாலாவது ஒருவாறு பொறுத்திருப்பேன், தனக்கென்று ஒன்றும் வேண்டாம் என்றும் சொன்னாள். காது கேளாத, வாய் பேசாத மகனைப் பறிகொடுத்த முதிய தாய் ஒருத்தி, நாடகத்தில் காட்டியபடி விஷயம் நடக்கவில்லை என்று சொன்னாள். நாடகத்தை ஆக்கியவர்களில் ஒருவரான ரயன் மர்பி, மூன்று வருஷங்களுக்கு மேற்பட்ட ஆராய்ச்சிக் காலத்தில் உறவினரும் நண்பர்களுமாகச் சுமார் 20 பேருக்குத் தகவல் அனுப்பியதாகவும், ஒருவரும் பதில் தரவில்லை என்றும் கூறினார். கேட்டேன் என்கிறார் அவர். கேட்கவில்லை என்கிறார்கள் இவர்கள். பதில் வராததைச் சம்மதம் என்று கொள்வது எந்த நியாய சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறது? கொலையுண்டவர்களின் பெயர்களை நாம் இங்கே அச்சிடவில்லை. அவர்களுடைய சுற்றத்தார் வேண்டுவதெல்லாம் அமைதி ஒன்றே. அதை நாமும் கெடுக்க விரும்பவில்லை.

இதைப் படிக்கும் அன்பர்கள், இதெல்லாம் அமெரிக்கப் பணத்திமிரின் விளைவு என்று எண்ணி ஒதுக்கிவிட வேண்டாம். கொலைக் கதை கேட்கும் ஆசை எல்லா நாட்டாருக்கும் பொது. நம் நாட்டிலே ஒரு காலத்தில் கொலைச் சிந்துகள் சந்தைகளிலும் ரயிலடிகளிலும் காலணாவுக்கும் அரையணாவுக்கும் விலைபோகவில்லையா? ஊரில் ஒரு கொலை விழுந்தால் சில நாட்களுக்குள் அது பாட்டாகி, டேப்பு அடித்துப் பாடுகிறவனைச் சுற்றிக் கூட்டம் கூடவில்லையா? எனினும் அந்தச் சிந்துக்காரன் பாட்டின் முடிவிலாவது, பாபத்தின் சம்பளம் இது என்று நாலு பேருக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போனான். அவன் குரல் எட்டிய தூரமும் ஒரு சந்தையளவே. இன்று அந்தச் சந்தை பூமண்டலம் முழுவதும் பரந்துவிட்டது. கொலையுண்டவனுடைய தாய் தன் வீட்டுக்குள் இருந்தபடியே அந்தப் பாட்டைக் கேட்க வேண்டியிருக்கிறது.

நாடகத்தின் பக்கமும் நியாயம் உண்டு என்பதை மறைக்க நாம் விரும்பவில்லை. கொலைகாரனைப் புகழ்வதற்காக இதை எடுக்கவில்லை, போலீஸாரின் அசிரத்தையையும் இன வேற்றுமையையும் வெளிப்படுத்துவதற்காகவே எடுத்தோம் என்று அதை ஆக்கியவர்கள் சொல்கிறார்கள். அது முழுப் பொய்யன்று. உண்மையில் நடந்த சம்பவம் ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

1991 மே 27-ந் தேதி விடியுமுன், லாவோஸ் தேசத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்த 14 வயதுச் சிறுவன் ஒருவன், மயக்க மருந்தின் வேகத்தில் தள்ளாடிக்கொண்டு, உடம்பில் துணியின்றி, இரத்தம் கசியத் தெருவில் நின்றான். கறுப்புப் பெண்கள் இருவர் அவனைக் கண்டு போலீஸாரை அழைத்தனர். போலீஸார் வந்தனர். டாமரும் வந்தான். இவன் 19 வயதுள்ள தன் சிநேகிதன், குடித்திருக்கிறான் என்றான். வெள்ளையன் சொன்ன பொய்யை நம்பிய போலீஸார், கறுப்புப் பெண்கள் கதறிச் சொன்ன உண்மையைக் கேட்கவில்லை. சிறுவனை டாமரின் வீட்டிலேயே கொண்டுபோய் விட்டனர். மூன்று நாட்களுக்கு முன் கொலையுண்ட ஒருவருடைய பிரேதம் அதே வீட்டின் படுக்கை அறையில் கிடந்தது. இச்சிறுவனுடைய தமையனிடம் முறைகேடாக நடந்ததற்காக டாமர் 1989-ல் தண்டனை பெற்று, அப்பொழுது கண்காணிப்பில் இருந்தவன். பதிவுப் புத்தகத்தை ஒரு முறை புரட்டியிருந்தால் தெரிந்திருக்கும். புரட்டவில்லை. போலீஸார் நிலையத்துக்கு ரேடியோவில் செய்தி சொன்னபோது அதிலே கேலியும் சிரிப்பும் கலந்திருந்தன. அவர்கள் போன சிறிது நேரத்தில் சிறுவன் கொல்லப்பட்டான். அதன் பின், இரண்டே மாதங்களுக்குள் இன்னும் நால்வர் கொல்லப்பட்டனர்.

அந்தப் பெண்களில் ஒருத்தியின் தாயார் கிளெண்டா கிளீவ்லண்டு. அவர் போலீஸ் நிலையத்துக்கு டெலிபோன் செய்து, அது சிறுவன்தானா, பெரியவனா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பெரியவன்தான் என்று பதில் வந்தது. சிறுவனைக் காணவில்லை என்று பத்திரிகையில் படம் வெளிவந்ததும் மறுபடியும் அழைத்தார். கேட்பாரில்லை. நாடகத்திலே அவரை டாமரின் சுவருக்கு மறுபுறம் குடியிருந்தவராகக் காட்டுகிறார்கள்; வாஸ்தவத்தில் அவர் பக்கத்துக் கட்டிடத்தில் இருந்தவர். ஆனால் அவர் அழைத்ததும், அதிகாரம் செவிசாய்க்காததும் சரித்திர உண்மைகள்.

பிறகு என்ன நடந்தது? அந்தப் போலீஸ்காரர் இருவரையும் போலீஸ் தலைவர் உத்தியோகத்திலிருந்து நீக்கினார். 1994-ல் ஒரு நீதிபதி அவர்களை மறுபடியும் வேலையில் அமர்த்த உத்தரவிட்டார். பாக்கிச் சம்பளமும் கிடைத்தது. அவர்களுள் ஒருவரை 2005-ல் மில்வாக்கிப் போலீஸ்காரர்கள் தங்கள் சங்கத்தின் தலைவராகவே தேர்ந்தெடுத்தனர்! சிறுவனுடைய குடும்பத்துக்கு நகர நிர்வாகம் 1995-ல் 8 லட்சத்து 50 ஆயிரம் டாலர் நஷ்டஈடு கொடுத்தது. ஒரு தனி மனிதனுடைய மனக்கோணலினால் மட்டும் 17 பேர் மாண்டார்கள் என்று யார் சொல்ல முடியும்? ஏழையின் புகாருக்குக் காது கொடுக்காத அதிகாரம் துணை நின்றதனாலன்றோ அவனுக்கு 13 வருஷ அவகாசம் கிடைத்தது!

இவ்வளவும் நாடகத்திலே ஏதோ ஒரு வகையில் இருக்கின்றன. ஆனால் 100 கோடி மணி நேரம் பார்த்தவர்கள் எதைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்கள்? கொலைகாரனுடைய தகப்பன் எப்படிப்பட்டவன், தாய் எப்படிப்பட்டவள், பள்ளியில் அவனுக்குச் சிநேகிதர்கள் உண்டா என்று ஆராய்ந்தவர்கள் எத்தனை பேர்! அந்தப் போலீஸ்காரர்கள் எப்படி மறுபடி வேலைக்கு வந்தார்கள் என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? நாடகக்காரர்கள் மீதும் இதில் பாதிப் பழி உண்டு. தலைப்பிலே கொலைகாரனுடைய பெயரை எழுதி, ஒவ்வொரு பாகத்திலும் அவன் முகத்தின் மீதே விளக்கைப் பிடித்துவிட்டு, ஜனங்கள் போலீஸாரைப் பற்றிச் சிந்திக்கவில்லையே என்று வருந்துவது பொருந்தாது.

பரிசுகளிலும் இந்த வித்தியாசத்தைக் காணலாம். 2023 ஜனவரியில் கொலைகாரனாக நடித்தவருக்குக் கோல்டன் குளோப் பரிசு கிடைத்தது. மகனை இழந்த முற்கூறிய தாய் அது கேட்டு மனம் நொந்தாள். 2024 ஜனவரியில் கிளெண்டா கிளீவ்லண்டாக நடித்த நீஸி நாஷுக்கு எம்மி பரிசு கிடைத்தது. கூப்பிட்டும் கேட்பாரற்றுப் போன கறுப்புப் பெண்கள் அனைவரின் சார்பிலும் அதை ஏற்பதாக அந்த நடிகை மேடையிலே சொன்னார். நாடகத்தின் உண்மையான பொருளை அன்று அவர் எடுத்துரைத்தார். அதைக் கேட்டவர்கள், கொலைகாரனுக்கு இரங்கியவர்களைவிட எத்தனையோ மடங்கு குறைவு.

இனிச் சட்டத்தின் நிலைமையைக் கவனிப்போம். 1977-ல் நியூயார்க் நகரில் டேவிட் பெர்கோவிட்ஸ் என்ற தொடர் கொலைகாரன் பிடிபட்டபோது, அவன் தன் கதையை விற்றுப் பணம் பண்ணிவிடுவான் என்று ஜனங்கள் அஞ்சினர். குற்றவாளி தன் குற்றத்தைச் சொல்லிச் சம்பாதிக்கும் பணம் பாதிக்கப்பட்டவர்களைச் சேர வேண்டும் என்று அந்த மாகாணம் ஒரு சட்டம் செய்தது. பேச்சுரிமைக்கு விரோதமென்று 1991 டிசம்பரில் அமெரிக்கச் சுப்ரீம் கோர்ட் அதைச் செல்லாதென்றது. மாகாணம் பின்னர் அதைத் திருத்தி எழுதிக்கொண்டது. ஆனால் அந்தச் சட்டம் தொட்டதெல்லாம் குற்றவாளியின் பையைத்தான். குற்றவாளியும் மாண்டு, மூன்றாம் மனிதன் ஒருவன் அதே கதையை விற்றுக் கோடிக்கணக்கில் சம்பாதித்தால், அவன் கொலையுண்டவர் குடும்பத்துக்கு ஒரு செப்புக் காசும் கொடுக்கக் கடமைப்பட்டவன் அல்லன். கோர்ட்டுத் தஸ்தாவேஜுகளில் உள்ளவை யாவும் பொதுச் சொத்து என்பதே காரணம்.

இந்த விஷயத்தில் நம் நாட்டுச் சட்டத்தின் அடிப்படைத் தீர்ப்பும் ஒரு தொடர் கொலைகாரன் கதையிலிருந்தே பிறந்தது என்பதை அன்பர்கள் அறிவார்கள். சென்னையில் பல கொலைகள் செய்து தூக்குத் தண்டனை பெற்ற ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் பத்திரிகை வெளியிட முற்பட்டபோது, சிறை அதிகாரிகள் தடுக்க முயன்றனர். வழக்குச் சுப்ரீம் கோர்ட் வரை சென்றது. பொதுப் பதிவுகளில் உள்ளதை எவர் சம்மதமும் இன்றி வெளியிடலாம், அச்சேறுமுன் அதைத் தடுக்க அதிகாரிகளுக்கு உரிமை கிடையாது என்று 1994 அக்டோபரில் தீர்ப்பாயிற்று. பத்திரிகைச் சுதந்தரத்தில் பற்றுள்ளவர்கள் அனைவரும் போற்ற வேண்டிய தீர்ப்பு அது. அதிலேயே நீதிபதிகள் ஒரு வரம்பும் கட்டினார்கள்: பலாத்காரம், கடத்தல் போன்ற குற்றங்களுக்கு ஆளான பெண்ணின் பெயரையும் சம்பவத்தையும் பிரசித்தம் செய்து அவளை மேலும் அவமானத்துக்கு உள்ளாக்கலாகாது என்றார்கள். சுதந்தரமும் வேண்டும், துயருற்றவர்களுக்கு மரியாதையும் வேண்டும் என்பதே அதன் சாரம். 2019-ல் அதே ஆட்டோ சங்கரின் கதையும் இணையத் தொடராக வந்துவிட்டது. ஆகவே மில்வாக்கியின் கேள்வி நம் வாசலுக்கும் வந்த கேள்விதான்.

சர்க்கார் கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு வர வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. அந்தக் கத்திரிக்கோல் முதலில் வெட்டுவது கொலைக் காட்சியை அல்ல, போலீஸாரைப் பற்றிய காட்சியைத்தான். நாம் வேண்டுவது இரண்டு. உண்மைக் கொலையை நாடகமாக்குகிறவர்கள், கொலையுண்டவரின் தாய் தந்தையரையும் பிள்ளைகளையும் முன்கூட்டியே நேரில் கண்டு தெரிவிக்க வேண்டும். அவர்கள் மறுத்தால், அவர்கள் கோர்ட்டில் விட்ட கண்ணீரையாவது நடித்துக் காட்டாமல் விட வேண்டும். வருமானத்தில் ஒரு பகுதி அவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும். இவற்றுக்குச் சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. கம்பெனிகள் தாமே விதி வகுத்துக்கொள்ளலாம்.

தாமே செய்வார்களா என்று சிலர் கேட்கலாம். ஜனங்கள் கேட்டால் செய்வார்கள். இந்த நாடகத்தை முதலில், ஒரே பாலினத்தவரை நேசிப்போர் முதலியவர்களைப் பற்றிய படைப்புகளின் வரிசையில் கம்பெனி சேர்த்திருந்தது. கொலைகாரனைக் கொண்டா எங்களை அடையாளம் காட்டுவது என்று பார்த்தவர்கள் கண்டித்தார்கள். சில நாட்களுக்குள் அந்த அடையாளம் எடுபட்டது. பத்து நாள் கண்டனத்துக்கு இவ்வளவு சக்தி உண்டென்றால், 100 கோடி மணி நேரம் பார்த்தவர்கள் ஒரே குரலாகக் கேட்டிருந்தால் எது நடந்திராது? அவர்கள் கேட்கவில்லை. கம்பெனி அதே தலைப்பில் 2024-ல் பெற்றோரைக் கொன்ற மெனண்டெஸ் சகோதரர்களின் கதையையும், 2025-ல் எட் கீன் என்ற கொலைகாரனின் கதையையும் வெளியிட்டது.

இவ்விஷயத்தில் மில்வாக்கி ஜனங்கள் உலகத்துக்கு ஒரு வழி காட்டியிருக்கிறார்கள். கொலைகள் நடந்த கட்டிடத்தை 1992-ல் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். டாமர் மாண்ட பின், குடும்பங்கள் சில பெற்ற நஷ்டஈட்டுத் தீர்ப்பின்படி அவன் உடைமைகள் ஏலத்துக்கு வருவதாக இருந்தது. வந்திருந்தால், அவன் கொலைக்குப் பயன்படுத்திய கருவிகளும் யாராவது ஒரு சீமானுடைய கண்ணாடி அலமாரியில் போய் உட்கார்ந்திருக்கும். நகரத்துப் பிரமுகர்கள் கூடி, 4 லட்சம் டாலருக்கு மேல் நன்கொடை திரட்டி, அந்தப் பணம் குடும்பங்களைச் சேரும்படி செய்து, 1996-ல் அச்சாமான்களை வாங்கி, ஒருவர் கண்ணிலும் படாதபடி அழித்துவிட்டார்கள். துயருற்றவர்களுக்குப் பணம், கொலைகாரனுடைய சின்னங்களுக்கு அழிவு. 1996-ல் ஒரு நகரத்தின் மனசாட்சி இவ்வாறு வேலை செய்தது. 2022-ல் உலகத்தின் சந்தை நேர்மாறாக வேலை செய்தது: கொலைகாரனுடைய கண்ணாடிக்கு விலை, துயருற்றவர்களுக்கு ஒன்றுமில்லை.

நம் அன்பர்களில் பலர் அந்த நாடகத்தைப் பார்த்திருக்கக்கூடும். இனி வரும் இத்தகைய நாடகங்களையும் பார்ப்பார்கள். பார்க்க வேண்டாமென்று தடுப்பது நம் வேலையன்று. பார்த்து முடித்ததும், கொலைகாரன் ஏன் இப்படி ஆனான் என்று சிநேகிதர்களுடன் விவாதிக்குமுன் வேறு மூன்று கேள்விகளைக் கேட்குமாறு வேண்டிக்கொள்கிறோம். கொலையுண்டவர்களின் வீட்டாரைக் கேட்டார்களா? இதில் வந்த பணத்தில் அவர்களுக்கு என்ன கிடைத்தது? கிளெண்டா கிளீவ்லண்டைப் போல் இன்று நம் ஊர்ப் போலீஸ் நிலையத்தில் புகார் சொல்லி நிற்கும் ஏழைப் பெண்மணிக்குச் செவிசாய்ப்பவர் யார்? முதல் இரண்டையும் கம்பெனிக்கு எழுதிக் கேட்கலாம். மூன்றாவதை நம் ஊரிலேயே, நாளைக் காலையிலேயே கேட்கலாம். நம் அன்பர்கள் கேட்பார்கள் என்றே நம்புகிறோம்.